நீர்வழி அறிந்த பாறைகள்

2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில், பல நாள் மழையைக் குடித்துத் தளர்ந்திருந்த மலைச்சரிவு மீரியபெத்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களின் மேல் இறங்கிய பின்பு, எங்கள் கொஸ்லந்தைப் பக்கத்து ஜனங்களுக்கு எந்த மலையைக் கண்டாலும், மழை பெய்தால் அதன் நீர் எப்பக்கம் ஓடும் என்றே கண் முதலில் தேடுகிறது. சிகிரியாவையும் தம்புள்ளையையும் ஒரே பகலில் பார்த்துவர நடுராத்திரியில் வேன் பிடித்துப் புறப்பட்ட எங்களோடு அந்தப் பார்வையும் பிரயாணம் செய்தது.

தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், பாரதத்துக்குத் தப்பியோடிய சகோதரன் மொகல்லானன் படையோடு திரும்புவான் என்ற அச்சத்தினால், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காலத்தில், ஏறக்குறைய 200 மீட்டர் செங்குத்தாக எழும் சிகிரியாப் பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்தான் என்று சரித்திரம் கூறும். வாசலில் வடித்த சிங்கத்தின் நகங்களைத் தாண்டி, இரும்புக் கம்பியைப் பற்றி மூச்சு வாங்க ஏறிச் சேர்ந்தால், அத்தனை உயரத்திலும் பாறையைக் குடைந்த குளத்தில் மழைநீர் நிற்கிறது. ஓவிய மங்கையரைப் பற்றியும், கண்ணாடிச் சுவரில் பழைய யாத்திரிகர் கீறிவிட்டுப் போன பாட்டுகளில் 685-ஐத் தொல்லியல் அறிஞர் பரணவிதான வாசித்து 1956-இல் நூலாக்கியது பற்றியும் பலர் எழுதிவிட்டனர். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை அடிவாரத் தோட்டத்து நீரூற்றுகளே. பூமிக்கடியில் கற்கால்வாய் வழியே வரும் நீர், துளையிட்ட சுண்ணக்கல் பலகையின் வழியாகத் தன் அழுத்தத்தாலேயே பீறிட்டெழும்படி அமைத்திருக்கிறார்கள்; மழைக்காலத்தில் அவை இன்றும் பொழிகின்றன.

பிற்பகலில் தம்புள்ளை. தமிழ்த் தலைவர்களிடம் இராச்சியத்தை இழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த வலகம்பா மன்னன், கி.மு. 89-இல் அரசை மீட்டபின், தனக்குப் புகலிடம் தந்த குகைகளையே ஆலயங்களாக்கினான் என்பது ஐதீகம். ஐந்து குகைகளிலும் புத்தர் சிலைகளும், விதானம் நிறைந்த வர்ண சித்திரங்களும் இருக்கின்றன; ஆயினும் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில், புருவம் போல, நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே நுழையாமல் அங்கேயே அறுபட்டு வெளியே விழுகிறது, அவ்வளவுதான் வேலை. துறவிகளின் தலையையும் சித்திரங்களின் வர்ணத்தையும் காத்தது அந்த உளிக்கோடு. அதைப் பார்த்தபோது என் நெஞ்சு கனத்தது. 2005-இலும் 2011-இலும் மண்சரிவு எச்சரிக்கை வந்தும், மீரியபெத்தவில் எங்கள் ஜனங்கள் வேறிடம் கிடைக்காமல் நீரின் பாதையிலேயே படுத்துறங்கினார்களே!

இரண்டாம் குகையில், கூரையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்திப் புனித தீர்த்தமாக வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த அம்மாயி, கொழுந்து பறித்துக் காய்த்த விரல்களைக் கூப்பி, அது விழுவதையே நெடுநேரம் பார்த்திருந்தாள்.

“பாரு சாமி, இந்தக் கல்லு தண்ணிய சொட்டுச் சொட்டாத்தான் விடுது” என்றாள் பேரனிடம்.