புள்ளி எண்ணிப் போடும் கோலம்

தோட்டத்து லயங்களில் சாணம் தெளித்த வாசலில் அரிசி மாவுக் கோலம் நிலைத்தது. அடுக்குமாடி வீட்டின் வழவழப்பான நடைபாதையில் மாவு பறக்கிறது. ஒட்டுக் கோலம் வந்துவிட்டது. பேரங்காடிகளின் வண்ண அரிசிக் கோலம் அழகுதான். ஆனால் அதைப் பார்த்துப் பிள்ளைகள் கோலம் கற்பதில்லை.

பொங்கலுக்கு முன் நடத்தும் கோல வகுப்பில் நாம் படத்தைக் கொடுப்பதில்லை. சுண்ணக்கட்டியும் புள்ளிக் கணக்கும் போதும். நடுவரிசையில் 5 புள்ளி. இடைவெளிகளுக்கு நேராக மேலும் கீழும் 4, அடுத்து 3. ஆக 19. இதுவே ஊடுபுள்ளி. இது புரிந்த பிள்ளை, 7 முதல் 4 வரை என்றால் 37 என்று தானே சொல்லிவிடும்.

பிறகு சிக்குக் கோலம். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வரவேண்டும். எங்கேனும் அறுந்து நின்றால், அழிக்கவிடாமல் புள்ளிகளை மறுபடி எண்ணச் சொல்கிறோம்.