கூழின் கணக்கு

மேலூர்ப் பக்கம் பெரியாற்று நீர் பாய்ந்து நெல் விளைகின்றது. திருமங்கலம், பேரையூர்க் கரிசலிலோ மழையை மட்டுமே நம்பிச் சோளமும் கம்பும் விளைகின்றன. குறைந்த நீரில் விளையும் இத்தானியங்களை ஏழையின் உணவென்று நாம் ஒதுக்கிவிட்டோம். எண்களோ வேறு சொல்கின்றன.

குன்னூர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அய்க்ராய்ட் 1937-இல் உணவுச் சத்து அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. புதிதாக ஆய்ந்து 528 உணவுகளின் அட்டவணையை 2017-இல் அது அளித்தது. அதன்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் 6-க்கும் மேல். சுண்ணாம்புச்சத்து அரிசியில் 10-க்கும் குறைவு, கேழ்வரகில் 364!

ஆயினும் இவை உலர்ந்த தானியத்தின் கணக்கு. கூழில் பெரும்பகுதி நீரே. மேலும், தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவைத்தால் அது குறையும். நம் பாட்டிமார் இதனை எந்த அட்டவணையும் பாராமலே செய்து வந்தனர்.

இன்று அந்நிறுவனம் கைப்பேசிச் செயலியும் தந்துள்ளது. இல்லத்தரசியர் அதில் அளவைக் குறிக்கும்போது, எடுத்தது உலர்ந்த மாவா, காய்ச்சிய கூழா என்பதைப் பார்த்துக் குறித்தல் நலம்.