சத்தத்தை நிறுத்திவிட்டு வாயைப் பாருங்கள்

பிரம்மதேசத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரிமோட் நாலாவது படிக்கும் அக்கா மகள் கையில்தான் இருக்கும். வெளியே பனைமரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். கூடத்து டிவியில் டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையும் அதன் சிநேகிதன் நோபிதா என்ற சிறுவனும் தமிழ் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நீலப் பூனையின் உயரம் 129.3 சென்டிமீட்டர். ஜப்பானில் நாலாவது படிக்கும் குழந்தையின் சராசரி உயரத்தைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கை வைத்தார்கள். சுவரோரம் நிற்கவைத்து அளந்து பார்த்தோம். எங்கள் வீட்டு நாலாவதும் கிட்டத்தட்ட அதே உயரம்.

ஒருநாள் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினேன். "மாமா!" என்று கத்தினாள். "கொஞ்சம் பொறு. நோபிதாவோட வாயை மட்டும் பாரு" என்றேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "மூணு வாய்தான் மாமா மாறி மாறி வருது."

அவள் கண்டுபிடித்தது ஒரு பெரிய ரகசியம். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களில் பாத்திரங்கள் அழுவது, கெஞ்சுவது, சவால் விடுவது எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று வாய்களால்தான். ஜப்பானியத் தொடர்கள் இவ்வளவு இயல்பாகத் தமிழ் பேசுவதற்கான முதல் காரணமும் இதுதான்.

ஏன் மூன்றோடு நிறுத்தினார்கள்? திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 22 நிமிட அத்தியாயத்துக்கு 31,680 படங்கள். ஒரு படம் வரையப் பத்து நிமிடம் என்று வைத்து, தினம் எட்டு மணி நேரம் ஒருவரே வரைந்தால் 660 நாள் ஆகும். ஒரே ஒரு அத்தியாயத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம்! 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகா என்ற ஓவியர் 'அஸ்ட்ரோ பாய்' தொடரைத் தொடங்கியபோது அவருக்கு வாரம் ஓர் அத்தியாயம் தேவைப்பட்டது. கையில் பெரிய பணமும் இல்லை. அவர் செய்த தந்திரம் எளிமையானது. ஒரே படத்தை மூன்று தடவை தொடர்ந்து காட்டினால் நொடிக்கு எட்டுப் படம் போதும். 31,680 என்பது 10,560 ஆகிவிடும். பாத்திரம் பேசும்போது முகத்தை அசைக்காமல், வாயை மட்டும் கண்ணாடி போன்ற தனித் தாளில் வரைந்து மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் குறையும். வீரன் பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பெட்டியில் வைத்துக்கொண்டால் அடுத்த வாரமும் எடுத்து ஓட்டலாம். வறுமையில் பிறந்த இந்தச் சிக்கனமே பிறகு ஓர் அழகியலாக வளர்ந்தது. அசையாத முகம், காற்றில் ஆடும் தலைமுடி, நீண்ட மௌனம் என்று நாம் ரசிப்பதெல்லாம் அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை.

அடுத்த அதிசயம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கார்ட்டூன்களில் வழக்கமாக முதலில் குரலைப் பதிவு செய்து, அந்த வாயசைவுக்கு ஏற்பப் படம் வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் தலைகீழ். படம் முதலில், குரல் பிறகு. சில சமயம் படம்கூட முடிந்திருக்காது. திரையில் வெறும் கோட்டோவியம் ஓடும், அதைப் பார்த்தே குரல் நடிகர்கள் அழுது தீர்ப்பார்கள். அப்படியானால் ஜப்பானியக் குரலே ஒருவகையில் டப்பிங்தான்! சென்னையில் காதில் ஹெட்போனோடு மைக் முன்னால் நிற்கும் தமிழ்க் குரல் கலைஞர் செய்வதும், டோக்கியோவில் மூலக் குரல் கொடுத்தவர் செய்ததும் ஒரே வேலை. தமிழ்ப் பதிப்பை இரண்டாம்தரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மொழிக்குள் போனால் வியப்பு இன்னும் கூடும். கதையில் ஒரு பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம்: அனோ ஹிதோ வா வதாஷி நோ சிச்சி தெ வா நை. அனோ என்றால் அந்த. ஹிதோ, ஆள். வதாஷி நோ, என்னுடைய. சிச்சி, அப்பா. கடைசியில் வரும் நை, இல்லை. நடுவில் வரும் 'வா'க்கள் நம் உருபுகளைப் போல ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள். வரிசையாகப் படித்தால், அந்த ஆள் என் அப்பா இல்லை. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இந்த 'இல்லை' வாக்கியத்தின் நடுவிலேயே வந்து விழுந்துவிடும். ஜப்பானியத்திலும் தமிழிலும் கடைசிச் சொல் வரும்வரை அந்தப் பையன் அப்பாவை ஏற்கிறானா, மறுக்கிறானா என்று தெரியாது. இயக்குநர் அந்தக் கடைசிச் சொல்லில்தான் முகத்தை அருகில் காட்டுவார், அல்லது இசையை நிறுத்துவார். தமிழில் கேட்பவருக்கு அந்த அடி சரியான நொடியில் விழுகிறது.

இந்த ஒற்றுமையைக் கண்டு மயங்கியவர்களில் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞரும் உண்டு. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, நடை ஒத்துப்போகிறது. பார்வையாளருக்கு அது போதும்.

முறைப்பெயர்களையும் கவனியுங்கள். வழியில் பார்க்கும் முன்பின் தெரியாத இளைஞனை ஜப்பானியக் குழந்தை 'ஒனீசான்' என்று கூப்பிடும். அதாவது அண்ணா. டீக்கடையில் நாம் முன்பின் அறியாதவரை அண்ணா என்பதுபோலவே. ஆங்கில வசனத்தில் இது பெயராகச் சுருங்கிவிடும், அல்லது காணாமலே போகும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே கரைந்துவிடும். தமிழ் டப்பிங்குக்கான வசனம் பலமுறை ஆங்கிலப் பிரதி வழியாகவே வருவதால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அண்ணாவும் அக்காவும் உலகைச் சுற்றி வருவதற்குள் தொலைந்துபோகிறார்கள். நல்ல தமிழ் வசனகர்த்தா அவர்களைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு தமிழ்ப் பதிப்பு தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: முதல் அத்தியாயத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்று வாயைவிட வசதியானது வாயே இல்லாத முகம். அங்கேதான் சூப்பர் ஹீரோக்கள் வருகிறார்கள். ஆளுயர உடை, சிறு மாதிரிக் கட்டடங்கள், வெடி, புகை ஆகியவற்றைக் கொண்டு எடுக்கும் இந்த வகைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் டோகுசாட்சு. சிறப்பு உத்திப் படப்பிடிப்பு என்று பொருள். 1980-களில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கைக்கடிகாரத்தில் பேசி ராட்சத இயந்திர மனிதனை வரவழைக்கும் சிறுவனை நினைவிருக்கும். 'ஜெயன்ட் ரோபாட்' என்று நாம் அறிந்த அந்தத் தொடரை டோயெய் நிறுவனம் 1967-68இல் 26 அத்தியாயங்களாக எடுத்தது.

அடுத்த தலைமுறை ஜெடிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸைப் பார்த்தது. அதன் பின்னால் இருக்கும் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீராது. 1992இல் ஜப்பானில் 'ஜூரேஞ்சர்' என்றொரு தொடர் வந்தது. டைனோசர் சக்தி கொண்ட ஐந்து வீரர்கள். அதன் சண்டைக் காட்சிகளை அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கி, ஹெல்மெட் கழன்ற காட்சிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்து ஒட்டியது. 1993இல் 'பவர் ரேஞ்சர்ஸ்' பிறந்தது. ஜப்பானில் மஞ்சள் வீரர் ஆண், அமெரிக்காவில் பெண். ஒரே உடை, ஒரே சண்டை, உள்ளே இருப்பவர் மட்டும் வேறு! தலையை மறைக்கும் கவசத்துக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. அதன்மேல் எந்த ஊர்க் குரலையும் ஏற்றலாம்.

இரண்டு மீட்டர் உடைக்குள் நிற்கும் மனிதன் எப்படி மலைபோலத் தெரிகிறான்? 1954இல் திரைக்கு வந்த முதல் காட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் உயரம் 50 மீட்டர். திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். காட்ஸில்லா அங்கே வந்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அந்த 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்து தரைக்கு வர 3.2 நொடி ஆகும். படப்பிடிப்பில் இருக்கும் இரண்டு மீட்டர் மாதிரிக் கட்டடத்திலிருந்து விழுந்தால் 0.64 நொடிதான். உயரம் 25 மடங்கு குறைந்தால் நேரம் 5 மடங்குதான் குறையும். 25-இன் வர்க்கமூலம் 5. ஆகவே நொடிக்கு 24-க்குப் பதிலாக 120 படங்கள் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால், துண்டு துண்டாக விழும் சுண்ணாம்பு அட்டை நிஜ கோபுரத்தின் கனத்தோடு சரியும். பொம்மைக்குப் பாரம் ஏற்றுவது எடை அல்ல, நேரம். காட்ஸில்லாவுக்கு உத்தி அமைத்த எய்ஜி சுபுராயாவின் கூட்டம் இந்தக் கணக்கைக் கேமராவின் வேகத்திலேயே கட்டிப்போட்டது. அவருடைய நிறுவனம்தான் 1966இல் அல்ட்ராமேன் என்ற ராட்சத வீரனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது.

கவசமும் இல்லாமல், கோட்டு வாயும் இல்லாமல், நிஜ மனித முகம் வரும் நாடகத் தொடர்களில்தான் டப்பிங் எழுதுபவருக்கு வேர்த்துவிடுகிறது. ப, ம என்ற எழுத்துகளுக்கு இரண்டு உதடும் ஒட்டியாக வேண்டும். திரையில் நடிகையின் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் பகரமோ மகரமோ விழவேண்டும். திறந்திருக்கும் இடத்தில் விழக்கூடாது. நம் புலவர்கள் உதடு ஒட்டாமலே பாட்டு எழுதி அதற்கு நிரோட்டகம் என்று பெயரும் வைத்தார்கள். 341-ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. டப்பிங் எழுத்தாளர் அந்த வித்தையைக் கெடு வைத்துச் செய்கிறார்.

ஆனாலும் இந்த நாடகங்களைத் தவறவிடக்கூடாது. ஏழை வீட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வேலைக்குப் போகும் பெண்ணின் கதையான 'ஓஷின்' 1983-84இல் தினம் 15 நிமிடமாக 297 அத்தியாயம் ஓடியது. இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. இன்று ஒரு தொடரைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 'மிட்நைட் டைனர்'. நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஏழுவரை திறந்திருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை. அத்தியாயத்துக்கு ஒரு பண்டம், ஒரு மனிதர், 25 நிமிடத்துக்குள் ஒரு வாழ்க்கை. டப்பிங் இல்லாவிட்டால் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்தே பாருங்கள். அந்தக் கடைக்காரரின் முகம் அதிகம் பேசுவதில்லை.

தேடும்போது ஜப்பானியரின் நாட்காட்டியும் உதவும். அவர்கள் ஆண்டை நான்காக மடிக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதுத் தொடர்கள் தொடங்கும். 52 வாரத்தில் நாலில் ஒரு பங்கு 13. அதனால்தான் பல அனிமே 12 அல்லது 13 அத்தியாயத்தில் முடிகின்றன. நாடகங்கள் பத்துப் பதினொன்றில். 12 அத்தியாயம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் ஒரு முழுக் கதை. ஆயிரம் எபிசோடு சீரியல்களுக்குப் பழகிய நமக்கு, முடிவை முன்கூட்டியே தெரிந்து கட்டிய கதையின் இறுக்கம் புதிதாக இருக்கும். அப்படி முடிவு தெரிந்து கட்டியவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது. நூற்றுக்கணக்கில் நீளும் நருட்டோ, ஒன் பீஸ் போன்றவற்றைப் பசி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

திரையரங்குக் கதவும் இப்போது அகலமாகத் திறந்திருக்கிறது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க 1983இல் இந்தியா வந்த இடத்தில் ராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். இயக்குநர்கள் ராம் மோகனோடும் கோயிச்சி சசாகியோடும் சேர்ந்து அவர் எடுத்த ராமாயண அனிமே, 2025 ஜனவரியில் தமிழ் பேசியபடி திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழில் வந்தது.

அடுத்த முறை பிரம்மதேசம் போனபோது அக்கா மகளிடம் காட்ஸில்லா கணக்கைச் சொன்னேன். மறுநாள் காலை வாசலில் ஈரமண்ணைக் குழைத்து இரண்டடி உயரத்துக்குக் கோபுரம் கட்டிவிட்டாள். போனில் நொடிக்கு 120 படம் எடுக்கும் வசதியைத் திறந்து தரையோடு தரையாக வைத்தோம். அவள் குச்சியால் ஒரு தட்டு. நேரில் பொத்தென்று விழுந்தது. போன் அதை நொடிக்கு 30 படமாக ஓட்டியதால் திரையில் நான்கு மடங்கு மெதுவாகச் சரிந்தபோது, பதினாறு மடங்கு உயரமான, முப்பத்திரண்டடிக் கோபுரம் ஒன்று புழுதி கிளப்பி விழுந்தது. அவள் மூச்சுவிடவில்லை.

பிறகு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, "இப்ப வெள்ளம் எடுக்கலாம் மாமா" என்றாள். எடுத்தோம். கோபுரம் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளம் மட்டும் செம்புத் தண்ணீராகவே இருந்தது. வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "துளி பெருசு மாமா. கோபுரத்து ஜன்னல் அளவுக்கு இருக்கு" என்றாள். கோபுரத்தைச் சிறிதாக்கலாம், துளி அதற்கேற்பத் தானாகச் சிறுக்காது. கொட்டும் நீரை மேற்பரப்பு இழுவிசை ஏறக்குறைய அதே அளவு துளிகளாகத்தான் உருட்டும். சிறு மாதிரி வைத்துப் படமெடுத்தவர்கள் எல்லோரும் காலம்காலமாக முட்டிக்கொண்ட சுவர் அது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அக்காவிடம் ஓடிவிட்டாள், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலைக் கேட்டு வாங்க.