இரண்டு குப்பிகளும் ஒரு தங்கமும்

ஊக்கமருந்து என்ற பேச்சு எழுந்தால் தமிழ்நாட்டு விளையாட்டு வட்டாரத்தில் இன்றும் முதலில் அடிபடும் பெயர் கோமதி மாரிமுத்து. சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லிக்கு அருகே நிற்கும் பச்சைமலையைத் தாண்டினால் திருச்சி மாவட்டம். அங்கே முடிகண்டம் என்ற சிற்றூரில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. மறுமாதமே இடைநீக்கம் வந்தது. அவருடைய சிறுநீரில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்தது. தசையைப் பெருக்கி, களைப்பிலிருந்து உடலைச் சீக்கிரம் மீட்கும் மருந்து அது. 2020இல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது, தங்கம் பறிபோனது. அன்று இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யு, தேசிய கீதம் ஒலிக்கும் மேடையில் நின்று வாங்கியிருக்க வேண்டிய பதக்கம் அது.

தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனால் விதியின் கண்ணில் அது போதாது. உடம்புக்குள் போகும் எந்தப் பொருளுக்கும் வீரரே முழுப் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் அவரே. நிரூபித்தால் தண்டனை குறையலாம். ஆனால் அந்தப் போட்டியில் கிடைத்த வெற்றி திரும்பாது. ஊக்கமருந்து விதிகளைப் பற்றிய சர்ச்சையில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. குற்றம் சாட்டுபவர் நிரூபிக்கட்டும் என்பதுதானே நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழியில் போனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரு சொல்லிலேயே எல்லா வழக்கும் முடிந்துவிடும். விதி கடுமையானது, ஆனாலும் தேவையானது.

அந்தக் கடுமைக்கு ஈடாகச் சோதனை முறையும் கறாராக இருந்தாக வேண்டும். ஓடி முடித்து மூச்சு வாங்கும் வீராங்கனையிடம் ஓர் அதிகாரி அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார். அதிலிருந்து மாதிரி கொடுத்து முடியும்வரை வீராங்கனை அந்த அதிகாரியின் கண்பார்வையை விட்டு நகரக் கூடாது. சீல் வைத்த கோப்பைகளில் ஒன்றை அவரே எடுக்க வேண்டும். மார்பிலிருந்து முழங்கால்வரை உடையை விலக்கி, ஒரு பெண் அதிகாரி நேராகப் பார்த்திருக்க, சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. வெயிலில் ஓடி வற்றிப்போன உடம்பு அதைத் தர மணிக்கணக்கில் ஆகும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த அறையில் எத்தனை கூச்சம் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர் கையாலேயே ‘ஏ’, ‘பி’ என இரு குப்பிகளில் ஊற்றி மூட வேண்டும். ஒருமுறை திருகி மூடினால் உடைக்காமல் திறக்க முடியாத மூடி அது. கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுகிறார்கள். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டுமே போகும். ‘ஏ’ குப்பியில் தடயம் கிடைத்தால், வீரர் கேட்கும்போது ‘பி’ குப்பியை அவர் முன்னிலையிலேயே திறப்பார்கள்.

இத்தனை காவல் இருந்தும் பிசகு நேர்கிறது. மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானுவை 2018இல் சர்வதேசச் சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. அனுப்பிய கடிதத்திலேயே மாதிரி எண் மாறிக் கிடந்தது. 2020இல் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள், போன காலம் போனதுதான். (பின்னாளில் வேறொரு சோதனையில் அவர் சிக்கித் தடை பெற்றது தனிக் கதை.) கோமதி வழக்கிலும் ஒரு தாமதம் உறுத்துகிறது. தோஹாவுக்கு முந்திய மாதம் பாட்டியாலாவில் நடந்த போட்டியில் எடுத்த மாதிரியிலேயே அதே தடயம் இருந்தது. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். வீரர் ஒரு சோதனையைத் தவறவிட்டால் கணக்கில் ஏறுகிறது. முன்னணி வீரர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு ஆண்டுவரை தடை. சோதிப்பவர்களின் தாமதத்துக்கு அப்படிப்பட்ட கணக்கு ஏதும் இல்லை.

நாட்டின் நிலை கவலைக்குரியது. 2024இல் இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டு 260இல் தடை மருந்து தெரிந்தது. நூற்றுக்கு 3.6 என்ற இந்த விகிதம், பெருமளவில் சோதனை செய்யும் நாடுகளில் மிக அதிகம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில், சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடுவதற்கு ஒரே ஒருவர் மட்டும் வந்து நின்றார். அது ஒலிம்பிக் அல்ல, மாநில அளவிலான பந்தயம். பதக்கத்துக்குப் பின்னால் ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை காத்திருக்கிறது. ஒரு சான்றிதழில் ஒரு குடும்பம் கரையேறும் என்னும்போது ஊசியைக் காட்டி ஆசை வார்த்தை சொல்ல ஆள் வந்துவிடுகிறது.

அந்த ஆளை விதி அபூர்வமாகவே எட்டுகிறது. 2010 காமன்வெல்த், ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற தொடர் ஓட்டக் குழுவின் பெண்கள் சிலர் மறுவருடம் சிக்கினார்கள். உக்ரேனியப் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரையில் கலந்திருந்தது என்பது அவர்கள் தரப்பு. பயிற்சியாளர் பதவி இழந்தார். ஓடியவர்களுக்கு இரண்டு ஆண்டுத் தடை. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம், நாடா எனப்படும் தேசிய முகமைக்குச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தர வகை செய்கிறது. பயிற்சியாளரையும் மருத்துவரையும் தண்டிக்க அதில் இடம் உண்டு. அந்தப் பிரிவுகள் பயன்பட்டால்தான் சட்டத்துக்குப் பொருள்.

கெங்கவல்லி, தம்மம்பட்டி, ஆத்தூர்ப் பக்கத்து ஊர்த் திருவிழாக் கபடியில் யாரும் குப்பி நீட்டுவதில்லை. ஆனால் அந்த மண்ணிலிருந்து கிளம்பும் பிள்ளை மாநில அணிக்குப் போன முதல் நாளே இந்த விதிகளுக்குள் வந்துவிடுகிறது. ஜிம்மில் அண்ணன் ஒருவர் தரும் லேபிள் இல்லாத புரோட்டீன் பவுடர், சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, மூச்சுத் திணறலுக்கான இன்ஹேலர் எல்லாவற்றுக்கும் அங்கே பதில் சொல்ல வேண்டும். நோய்க்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே விலக்கு கேட்கலாம். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாறுகிறது. மருந்தின் பெயரைத் தட்டினால் அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லும் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியை நாடா இலவசமாகவே வைத்திருக்கிறது. உடற்பயிற்சி ஆசிரியர்கள் அதைத் தங்கள் போனில் இறக்கி, பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டும்.