குழந்தைகளுடன் ராமேஸ்வரமா? அறைக்கு முன் கடலைத் தேடுங்கள்!

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் காரைக்குடியில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். எங்கே போகலாம்? அறையை யார் பதிவு செய்வது? இரண்டாவது கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். "தம்பிதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான், அவனே பாத்துக்குவான்" என்று அக்கா சொல்லிவிடுவார். சாப்ட்வேர் இஞ்சினியராக வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் இலவசப் பதவி இது.

அப்படித்தான் 2023 டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரத்தில் ஓர் ஹோட்டலைப் பதிவு செய்தேன். இணைய தளத்தில் நீலக் கடல், நீச்சல் குளம், நான்கரை ஸ்டார். பத்து நிமிடங்களில் வேலை முடிந்தது. போய் இறங்கிய பின்னர்தான் தெரிந்தது. வாடைக் காற்று முகத்தில் அடித்தது. கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. லிப்ட் வேலை செய்யாததால் அப்பத்தாவை மூன்றாவது மாடிக்குக் கைத்தாங்கலாக ஏற்றினோம். இவற்றைக்கூட மறந்துவிடலாம். இரண்டாம் நாள் மாலை, வரவேற்பறையில் நாங்கள் பேசிக் கொண்டிருந்தபோது, அக்காவின் நான்கு வயது மகள் தனியே நடந்து நீச்சல் குளத்தின் விளிம்புக்குச் சென்றுவிட்டாள். குளத்தைச் சுற்றித் தடுப்பும் இல்லை, கதவும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் ஓடிவந்து தூக்கினார். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1 முதல் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குவது நான்காவது இடத்தில் உள்ளது. ஆனால் ஹோட்டல் பதிவுத் தளங்கள் தரும் ஸ்டார்களில் இதற்குத் தனியே மதிப்பெண் கிடையாது. அதை நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்கான சாதனங்கள் நம் கம்ப்யூட்டரிலேயே இலவசமாக உள்ளன. 2025 மே மாதம் மீண்டும் ராமேஸ்வரம் செல்லத் திட்டமிட்டபோது நான் பின்பற்றிய வழிகளை இங்கு தருகிறேன்.

முதலில் கடல், பிறகுதான் ஹோட்டல்

ராமேஸ்வரம் அமைந்துள்ள பாம்பன் தீவுக்கு இரண்டு கடல்கள் உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாக இருக்கும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும், அலை அடிக்கும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் கூறுவார்கள். ஆனால் பெண் கடலும் ஆண்டு முழுவதும் அமைதியாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது நடுவில் நிலம் இருப்பதால் வடக்குக் கரை ஓரளவு பாதுகாப்பாக இருக்கும். அக்டோபர் முதல் வாடைக் காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். டிசம்பரில் வடக்குக் கரையில் அறை எடுத்தது நான் செய்த முதல் தவறு.

எனவே முதலில் பயண மாதத்தை முடிவு செய்திடுங்கள். பின் விண்டி போன்ற காற்று வரைபடத் தளம் ஒன்றைத் திறந்து, தீவின் மீது கிளிக் செய்து காற்றின் திசையைப் பாருங்கள். இதில் அடுத்த சில நாட்களுக்கான கணிப்புதான் கிடைக்கும். ஆகவே பதிவு செய்கையில் பருவத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். கிளம்பும் வாரத்தில் தளத்தைப் பார்த்து உறுதி செய்திடுங்கள்.

இன்னொரு தளம் இதைவிட முக்கியம். ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், கடலோரப் பகுதிகளுக்கு அலை உயரம் குறித்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் இதில் கிடைக்கும். எங்கோ தொலைதூரத்தில் வீசும் புயல் காற்றால் உருவாகி, உள்ளூரில் காற்றே இல்லாத நேரத்திலும் திடீரெனக் கரையேறும் பெரிய அலைகளைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. கிளம்பும் நாள் காலையில் இந்தத் தளத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

தனுஷ்கோடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கு, 2017ல் திறக்கப்பட்ட சாலை வழியாக இப்போது அரிச்சல்முனை வரை காரிலேயே செல்லலாம். குழந்தைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய இடம். ஆனால் இரு கடல்களும் சேரும் அங்கு நீரோட்டம் அதிகம். குளிக்கும் இடமாக அதனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழந்தைகள் காலை நனைக்க அக்னி தீர்த்தம் பக்கம் உள்ளது. காரில் வருபவர்கள் மண்டபத்திற்கு முன்பாக உள்ள அரியமான் கடற்கரையில் இறங்கலாம். ஆழம் குறைவு, மணலும் நன்றாக இருக்கும்.

மேப்பில் அளந்து பாருங்கள்

"கடற்கரைக்கு மிக அருகில்" என்று எழுதாத ஹோட்டல் கிடையாது. கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் திறந்து, சாட்டிலைட் காட்சிக்கு மாறிடுங்கள். ஹோட்டலின் மீது ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதனைத் தேர்ந்தெடுங்கள். பின் கடற்கரையில் கிளிக் செய்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். நேர்கோட்டில் அளக்காமல், நடந்து செல்லும் வழியிலேயே கிளிக் செய்துகொண்டு போங்கள். அப்படிச் செய்தபோது ஹோட்டல் ஒன்றின் "200 மீட்டர்", முக்கிய சாலையைக் கடந்து போகும் 700 மீட்டராக மாறியது.

தூரத்தோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். நடுவில் பெரிய சாலை உள்ளதா? கரையில் மணல் தெரிகிறதா, பாறை தெரிகிறதா? படகுகள் வரிசையாக நிற்கின்றனவா? படகுகள் நிறைய நின்றால் அது மீனவர்கள் தொழில் செய்யும் இடம். நங்கூரக் கயிறுகளுக்கு நடுவே குழந்தைகளை விளையாட விட முடியாது. கூகுள் எர்த் புரோகிராமில் பழைய சாட்டிலைட் படங்களையும் பார்க்கும் வசதி உள்ளது. பக்கத்து மனையில் கட்டட வேலை தொடங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

படங்களும் விமர்சனங்களும்

ஹோட்டல் தரும் படங்களை ஒதுக்கிவிட்டு, தங்கியவர்கள் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். சந்தேகம் எழுந்தால், அந்தப் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து கூகுள் லென்ஸ் மூலம் தேடிடுங்கள். அதே நீச்சல் குளம் வேறு ஊர் ஹோட்டலின் பக்கத்திலும் தெரிந்தால் அத்துடன் மூடிவிடலாம்.

விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி ஒரு முறையும், குறைந்த மதிப்பெண் முதலில் வரும்படி ஒரு முறையும் வரிசைப்படுத்துங்கள். விமர்சனங்களுக்குள் தேடும் கட்டத்தில் குழந்தை, லிப்ட், கொசு, வெந்நீர் போன்ற சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்துப் பாருங்கள். எழுதப்பட்ட மாதத்தையும் கவனிக்க வேண்டும். மே மாதம் வந்தவர் "கடல் குளம் மாதிரி இருந்தது" என்று எழுதியது, டிசம்பரில் செல்லும் உங்களுக்குப் பயன்படாது.

எக்ஸெல் தரும் தீர்ப்பு

இப்போது நான்கைந்து ஹோட்டல்கள் மிஞ்சியிருக்கும். எக்ஸெல்லில் ஒரு சிறிய அட்டவணை தயாரிக்கலாம். இதனை இரண்டு பகுதிகளாக அமைப்பது நல்லது.

முதல் பகுதியில் மதிப்பெண் கிடையாது. ஆம், இல்லை மட்டும்தான். தரைத்தளத்தில் அறை அல்லது இயங்கும் லிப்ட் உண்டா? நீச்சல் குளம் இருந்தால் தடுப்பும் கதவும் உண்டா? பால்கனிக் கம்பிகள் நெருக்கமாக உள்ளனவா? ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் அந்த ஹோட்டலை நீக்கிவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இரண்டாவது பகுதியில் தூரம், சுத்தம், உணவு, வாடகை போன்றவற்றுக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கொடுங்கள். எது உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு எண்ணைக் கொடுத்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டுங்கள். இதற்கு எக்ஸெல்லில் சம்புராடக்ட் என்ற பார்முலா உள்ளது. வாடகையை ஒப்பிடும்போது ஜி.எஸ்.டி. சேர்த்து எழுத வேண்டும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

பதிவுத் தளத்தில் தேடுகையில் குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் சரியாகக் கொடுங்கள். "சின்னப் பிள்ளைதானே" என்று விட்டுவிட்டால், அங்கு போன பின் கூடுதல் படுக்கைக்குக் கட்டணம் கேட்பார்கள். பதிவினை ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம் எப்போது வேண்டுமானாலும் உருவாகலாம். அந்த மாதங்களில், பணம் திரும்பக் கிடைக்காத மலிவு அறையை எடுப்பது லாபம் போலத் தோன்றும் நஷ்டம்.

போன் செய்து கேளுங்கள்

என் அட்டவணையில் முதலிடம் பெற்ற ஹோட்டலுக்குப் போன் செய்தேன். "குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா?" என்று கேட்டதும், "இருக்கு சார்" என்று பதில் வந்தது. "முப்பது வினாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?" என்றேன். வந்த வீடியோவில் தெரிந்த தடுப்பு, நான்கு பூந்தொட்டிகள். அந்த ஹோட்டலை நீக்கினேன். இரண்டாவது இடத்தில் இருந்த ஹோட்டலில் குளமே கிடையாது. கடல் இருக்கும் ஊரில் குளம் எதற்கு? அதையே பதிவு செய்தேன்.

போனில் கேட்க இன்னும் சில கேள்விகள்: குழாயில் வருவது உப்புத் தண்ணீரா? காலை ஆறு மணிக்குக் குழந்தைக்குப் பால் கிடைக்குமா? மின்சாரம் போனால் அறையில் மின்விசிறி ஓடுமா? கோயிலுக்கும் கடலுக்கும் சென்று ஈரத்துடன் திரும்பினால் துணி உலர்த்த இடம் உண்டா? கடைசிக் கேள்வி அப்பத்தா கேட்கச் சொன்னது. அந்தக் காலத்தில் நம்மூரில் இருந்து போனால் நகரத்தார் சத்திரத்தில்தான் தங்குவார்களாம். "அங்க கொடி கட்டியே இருக்கும்" என்றார்.

பணம் அனுப்பும் முன்

பிரபலமான விடுதிகளின் பெயரில் போலித் தளங்களும், போலி வாடிக்கையாளர் சேவை எண்களும் உலவுகின்றன. கோயில் ஊர்களுக்குச் செல்பவர்களைக் குறிவைக்கும் இத்தகைய மோசடிகள் குறித்து 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. தேடலில் முதலில் வரும் எண்ணுக்கு உடனே போன் செய்யாதீர்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்திலும் மேப்பிலும் ஒரே எண் உள்ளதா என்று பாருங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலையோ கோயில் விடுதியையோ பதிவு செய்வதாக இருந்தால் அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். தனிநபர் பெயரில் யு.பி.ஐ. கணக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். பணம் திரும்பப் பெற பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடிதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள்.

வேறு தீவுகளுக்கும் இதே வழி

இலங்கைக்குச் செல்வதாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பருவம்தான். கிழக்குக் கரையில் ஆழம் குறைந்த பாசிக்குடா கோடை விடுமுறைக்குப் பொருந்தும். அதே மாதங்களில் தென்மேற்குக் கரையில் உள்ள ஹிக்கடுவ, பென்தோட்டை பகுதிகளில் மழையும் அலையும் அதிகம். டிசம்பரில் இது மாறிவிடும். அந்தமானில் தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் போய் வருவது நல்லது. அங்கு சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. குளிக்க அனுமதி உள்ள இடம் எது என்று ஹோட்டலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

2025 மே முதல் வாரம் நாங்கள் ராமேஸ்வரம் சென்றோம். அதற்கு முந்தைய மாதம்தான் புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அறை சுமார்தான். டிவியில் பாதிச் சேனல்கள் வரவில்லை. ஆனால் தரைத்தளம், வாசலில் பூட்டக்கூடிய கதவு, சாலையைக் கடக்காமல் கடல். அப்பத்தா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் சங்கு தேடினார்கள். அக்கா மட்டும் உட்காரவே இல்லை. தண்ணீருக்குள் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த வேலையை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது. நாமேதான் நிற்க வேண்டும்.