எழுவாய் எங்கே?

“மை மதர் சிக். ஸோ வில் கோ நேட்டிவ்.”

தாராவியிலிருந்து வேலைக்குப் போகும் தமிழ் அன்பர் லீவு கேட்டு எழுதும் கடிதம் பல சமயம் இப்படித்தான் அமைகிறது. ஊருக்குப் போவது தாயாரா, மகனா என்று மேஜைக்கு அப்பால் இருப்பவர் கேட்டால், குற்றம் அவருடையதல்ல.

தமிழில் ‘போவேன்’ என்றாலே ‘நான்’ அதற்குள் அடங்கிவிடுகிறது. ‘வில் கோ’வுக்கு அந்த வால் இல்லை, நானும் ‘வில் கோ’தான், அவர்களும் ‘வில் கோ’தான். ஆகவே எழுவாயைத் தனியே எழுதியாக வேண்டும். மழைக்குக்கூட ஆங்கிலத்தில் எழுவாய் உண்டு: ‘இட் இஸ் ரெயினிங்’. அந்த ‘இட்’ எது என்று தேட வேண்டாம். ரயிலில் இடம் பிடிக்கப் போட்ட துண்டு, அவ்வளவே! ‘கம்’, ‘சிட்’ என்று ஏவும்போதுதான் எழுவாய் மறைந்து நிற்கும்.

பயனிலைக்கும் இதே கதிதான். ‘அவர் குமாஸ்தா’ என்பது நமக்கு முழு வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ இல்லாவிட்டால் நிற்காது.

ஆபத்து செயப்படுபொருளில் இருக்கிறது. ‘மானேஜரை வாட்ச்மேன் அடித்தார்’ என்பதைப் புரட்டிப் போட்டாலும் வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது, நிற்கும் இடம்தான் கணக்கு. செய்வினையில் வினைக்கு முன்னால் நிற்பவர் அடித்தவர், பின்னால் நிற்பவர் அடிபட்டவர். விசாரணைக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில் இரண்டு பெயர்கள் இடம் மாறினால் வேலை யாருக்குப் போகும்?

லீவுக் கடிதத்துக்கு இவ்வளவு போதும்: “மை மதர் இஸ் சிக். ஐ வில் கோ டு மை நேட்டிவ் பிளேஸ்.” எத்தனை நாள் என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.