கையகல நிலத்தில் கொடிக்காய்கள்

காய்கறி விலை ஏறிவரும் இக்காலத்தில், வீட்டில் விளையும் ஒரு பூசணிக்காயும் குடும்பச் செலவுக்கு ஒரு துணையே ஆகும். இதனைக் கூறும்போதெல்லாம் பெற்றோர் பலர், "பூசணிக்கொடி படர எங்களுக்கு இடம் ஏது?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், இருபதாம் நூற்றாண்டில் ரப்பரும், பின்னர்ச் செம்பனையும் பயிராயின. அத்தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் வாழ்ந்த லயத்து வீடுகள் சிறியவை. ஆனால் வீட்டின் பின்னே சிறிதேனும் நிலம் இருந்தது. அதில் முருங்கை நின்றது, அவரை படர்ந்தது, சுரைப்பந்தல் நிழல் தந்தது. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, இத்தகைய நிலங்களில் விளைந்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பலருடைய பசியைத் தணித்தன. 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, மக்கள் தம் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் செய்யுமாறு ஊக்கமளித்தார்.

அதன்பின் காலம் மாறிற்று. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. ஒரு காலத்தில் தோட்டமாயிருந்த பத்து காவானில் இன்று ஆலைகளும் மாடிவீடுகளும் நிற்கின்றன. 2014இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. தோட்டக் குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நிலம் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் பயிர்செய்யும் கைத்திறனும் அதனோடு போய்விடுதல் ஆகாது. ஒரு தலைமுறை விதை ஊன்றாதிருந்தால், அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிப்பார் யார்?

இனிக் கொடியின் இயல்பைக் காண்போம். மஞ்சள் பூசணி என நாம் வழங்கும் பரங்கி அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. கடல்கடந்து வந்த பரங்கியரால் கீழ்த்திசை நாடுகளை அடைந்தது. அதன் கொடியைத் தரையில் விட்டால் பத்தடி, பதினைந்தடி தூரம் ஓடும். இதனைக் கண்டே, "இடம் போதாது" என நாம் அஞ்சுகிறோம். ஆனால் கொடி உண்மையில் கேட்பவை இரண்டே: வேருக்கு வளமான ஒரு குழி, இலைக்கு நாள்தோறும் ஆறு மணி நேரத்திற்குக் குறையாத வெயில். வேர் இருக்கும் இடத்திலேயே இலையும் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆகவே தரையை வேருக்கும், வானவெளியை இலைக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் இடப்பஞ்சம் தீரும்.

மாணவ மணிகளே, ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். ஆறடி நீளமும் ஓரடி அகலமும் உடைய பாத்தியின் பரப்பு ஆறு சதுர அடி. அதே பாத்தியின்மேல் ஆறடி உயரத்திற்கு ஒரு வலையைக் கட்டினால், இலைகள் படரக் கிடைக்கும் பரப்பு முப்பத்தாறு சதுர அடி. நிலம் கூடவில்லை, நம் சிந்தனையால் இடம் ஆறு மடங்காயிற்று!

முல்லைக்கொடி பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தவித்ததைக் கண்டு, தன் தேரையே ஈந்தான் பாரி வள்ளல் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நாம் தேர் ஈய வேண்டுவதில்லை. நான்கு மூங்கில் கழியும் ஒரு பழைய மீன்வலையும் போதும். பாகல், பீர்க்கு, புடலை ஆகியவற்றின் காய்கள் எடை குறைந்தவை. இவை சுருள்கம்பிகளால் வலையைப் பற்றிக்கொண்டு ஏறும். புடலங்காய் வளைந்து சுருளாமல் இருக்க, பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் முன்னோர் வழக்கம். சிறுகாய்ப் பூசணியையும் பந்தலில் ஏற்றலாம். காய் பருக்கத் தொடங்கியதும், பழந்துணியைத் தூளிபோலக் கட்டி அதன் எடையைத் தாங்கச் செய்தல் வேண்டும்.

பந்தல் இட இயலாதோர் கொடியை வேலியோரமாகத் திருப்பி விடலாம். அல்லது வட்டமாகச் சுற்றி வளர்க்கலாம். வாரம் ஒருமுறை இளநுனியை மெல்ல வளைத்து, செடியைச் சுற்றியே ஓடச் செய்தால், நீண்ட கொடியும் சிறிய வட்டத்துள் அடங்கும். பூசணியின் கணுக்கள் ஈரமண்ணைத் தொடும் இடங்களில் புதிய வேர் விடும். எனவே கணுக்களின்மேல் சிறிது மண் அணைத்தால் கொடிக்குக் கூடுதல் உணவு கிட்டும்.

நுனி கிள்ளுதலும் சிறந்த முறையே. கொடி ஆறடி அளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் தோன்றும். சுரையில் காய்தரும் பெண்பூக்கள் பக்கக்கிளைகளிலேயே மிகுதியாகத் தோன்றும். பூசணியில் இரண்டு மூன்று காய்கள் நிலைத்தபின் மீண்டும் நுனியைக் கிள்ளினால், உணவு இலைக்குச் செல்லாமல் காய்க்குச் செல்லும். கிள்ளிய பூசணித் தளிரை எறிய வேண்டா. நார் உரித்துச் சமைத்தால் சுவையான கீரையாகும்.

அமெரிக்கப் பழங்குடி மக்கள் சோளத்தையும் அவரையினத்தையும் பூசணியையும் ஒரே நிலத்தில் வளர்த்தனர். சோளத்தண்டைப் பற்றி அவரை ஏறும். தரையைப் பூசணி இலை மூடிக் களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். ஒரே நிலம் மூன்று பயிருக்கு இடமளித்தது.

மாடிவீட்டில் வாழ்வோர் இருபது லிட்டருக்குக் குறையாத வாளியிலோ, நன்கு கழுவிய உரச்சாக்கிலோ ஒரு கொடியை வளர்க்கலாம். அடியில் துளையிட்டு, மண்ணுடன் மட்கிய எருவைக் கலந்து நிரப்புக. கோடையில் காலையும் மாலையும் நீர் வார்க்க. இங்கே நான்கு எச்சரிக்கைகள் தேவை. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடைத்துவந்த கலன்களை எத்துணை கழுவினும் பயன்படுத்தலாகாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு பெருகும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைத்தால் கீழே செல்வோர் உயிருக்கு ஆபத்து. பொது நடைபாதையை மறித்தால் தீவிபத்தின்போது வெளியேறும் வழி அடைபடும்.

உயர்ந்த மாடிகளில் தேனீக்கள் அரிதாகவே வரும். பூ நிறையப் பூத்தும் காய் பிடியாமைக்கு இது ஒரு காரணம். அடியில் சிறு பிஞ்சுடன் காணப்படுவது பெண்பூ. வெறுங்காம்புடன் நிற்பது ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண்பூவின் நடுவே மெல்லத் தடவினால் காய் பிடிக்கும். பூசணிக்கு இதனை விடியற்காலையில் செய்தல் வேண்டும். வெயில் ஏறியதும் பூ மூடிவிடும். சுரைப்பூ மாலையில் மலர்வது. அதற்கு மாலை நேரமே ஏற்றது. பிஞ்சைத் தாளால் உறையிட்டால் பழ ஈ தாக்காது.

நம் மாநிலத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குறைவு. மழை தணியும் வேளையில் விதை ஊன்றினால், பூக்கும் பருவம் வெயிற்காலத்தில் அமையும்.

படராமல் புதராக நின்று காய்க்கும் சுக்கினி என்னும் இத்தாலியப் பூசணி வகையையும் கடைகளில் காண்கிறோம். அதற்கு மூன்றடிச் சதுரம் போதும். ஆயினும் அது கேமரன் மலை போன்ற குளிர்நிலத்தில் செழிப்பது. நம் சமவெளியின் வெப்பத்திலும் மழையிலும் எளிதில் நோயுறும். ஆதலின் இம்மண்ணுக்குப் பழகிய சுரையும் பீர்க்கும் பாகலுமே தொடக்கத்திற்கு ஏற்றவை. ஐயம் உடையோர், வீட்டுத்தோட்டக் கலையைப் பள்ளிகளிலும் பொதுமக்களிடையேயும் பரப்பிவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தாரை அணுகலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இவ்வேட்டில் யாம் எழுதியதும் படிப்பதோடு நின்றுவிட்டால் ஏட்டுச் சுரைக்காயே ஆகும். ஆகவே மாணவர்களே, இவ்வாரமே உங்கள் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ இரண்டு சுரை விதைகள் கேட்டுப் பெறுங்கள். ஒரு வாளியில் ஊன்றுங்கள். கொடி எவ்வாறு திரும்ப வேண்டும், எங்கே கிள்ள வேண்டும் என்பதை அம்மூத்தோரிடமே கேட்டறியுங்கள். அவர்கள் கையில் இருக்கும் அறிவு உங்கள் கைக்கு வந்து சேரட்டும். கறிக்கு உதவும் சுரைக்காய் பின்னே தானாக வரும்.